ஏஐ கட்டிக்கொடுத்த தளம் கூகுளில் ஏன் வரவில்லை?

மதுரை வில்லாபுரத்தில் சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்கிறீர்கள். ஏஐ கருவி ஒன்றிடம் நீங்களே சொல்லிச் சொல்லித் தளம் கட்டி, சொந்த டொமைனும் வாங்கி மாட்டி மூன்று மாதமாகிவிட்டது, ஆனால் கூகுளில் தேடினால் தளம் வருவதே இல்லை. ஏஐ கட்டியது என்பதால் கூகுள் ஒதுக்குகிறதா, தேடலில் தளத்தை மேலே கொண்டுவருகிறோம் என்று மாதம் 12,000 ரூபாய் கேட்கும் எஸ்இஓ ஆட்களிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. கூகுள் உங்கள் பக்கங்களைப் பார்த்ததா, பார்த்தபோது அதில் படிக்க ஏதாவது இருந்ததா என்பது ஒன்று. படித்த பிறகும் மற்றவர்களுக்குக் காட்டும் அளவுக்கு அதில் விஷயம் இல்லை என்று விட்டுவிட்டதா என்பது இன்னொன்று. முதலாவதைச் சரிபார்க்காமல் இரண்டாவதற்குப் பணம் கொடுத்தால் அந்தப் பணம் வீண். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சின்னக் கடைகளுக்கும் மஹால்களுக்கும் தளம் செய்வதும் பழுதுபார்ப்பதும்தான் பல வருடமாக என் பிழைப்பு, இப்போது பழுதுக்கு வருவதில் பெரும்பாலானவை ஏஐ கட்டியவை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். ஏஐ எழுதியது, ஏஐ கட்டியது என்ற ஒரே காரணத்துக்காகக் கூகுள் எந்தத் தளத்தையும் தள்ளிவைப்பதில்லை. 2023 பிப்ரவரியில் கூகுளே இதை எழுத்தில் சொல்லிவிட்டது: எப்படித் தயாரானது என்பதைப் பார்ப்பதில்லை, படிப்பவருக்குப் பயன்படுகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம் என்று. 2024 மார்ச்சில் இன்னொரு விதி வந்தது. தேடலில் இடம்பிடிப்பதற்காகவே பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து குவித்தால் அது ஸ்பாம், அதை மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும் ஒன்றுதான் என்பது அதன் சாரம். இந்த இரண்டாவது விதியை மறக்காதீர்கள், உங்கள் தளத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு இடம் அதில் போய் இடிக்கிறது, பின்னால் வருகிறேன்.

இப்போது சோதனை. கூகுள் தேடல் பெட்டியில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைப் போட்டுத் தேடுங்கள். ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் கூகுளின் கிடங்கில் நீங்கள் இல்லை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தோராயம் என்று சொல்வதற்குக் காரணம், அந்தத் தேடல் எல்லாவற்றையும் காட்டும் என்று கூகுள் உறுதி கொடுக்கவில்லை. சரியான பதில், தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தருகிற சர்ச் கன்சோல் என்ற கருவியில்தான் கிடைக்கும். இலவசம்தான். டொமைன் வாங்கிய இடத்தின் அமைப்புகளில், சர்ச் கன்சோல் தருகிற ஒரு வரியை டிஎன்எஸ் பதிவாகச் சேர்த்தால் தளம் உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளும். அதில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் என்ற இடத்தில் உங்கள் பக்க முகவரியைப் போட்டால் நிலைமையை ஒரே வரியில் சொல்லிவிடும். 'டிஸ்கவர்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்' என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை. 'கிரால்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்' என்றால் வந்து பார்த்துவிட்டது, ஆனால் சேர்த்துக்கொள்ளவில்லை. 'நோஇண்டெக்ஸ்' என்று வந்தால் கருவியே உங்கள் தளத்தில் 'என்னைச் சேர்க்காதே' என்று எழுதிவைத்திருக்கிறது, சோதனைக் கட்டத்தில் போட்டதை எடுக்காமல் வெளியிட்டால் இப்படி ஆகும். உங்கள் தள முகவரியை நீங்கள் போடவில்லை, அதனால் இதில் எது உங்களுடையது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் அதிகமாக எது மாட்டுகிறது என்று சொல்ல முடியும்.

லவபிள், போல்ட் மாதிரி, பேச்சுவாக்கில் கேட்டாலே தளம் கட்டிக்கொடுக்கும் கருவிகள் பெரும்பாலும் ரியாக்ட் என்ற முறையில் கட்டுகின்றன. அப்படிக் கட்டும்போது சர்வரிலிருந்து முதலில் வருகிற எச்டிஎம்எல்லில், அதாவது பக்கத்தின் மூல எழுத்தில், பெரும்பாலும் உள்ளடக்கம் இருக்காது. உள்ளே ஒரு காலிப் பெட்டியும், 'இந்த ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டு, பக்கம் தானாக உருவாகும்' என்கிற குறிப்பும் மட்டும் இருக்கும். கல்யாணப் பத்திரிகைக் கவரைப் பிரித்தால் பத்திரிகை இல்லாமல், 'அச்சகத்துக்குப் போய் அடித்துப் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு சீட்டு மட்டும் இருந்தால் எப்படியோ அப்படி. உங்கள் போனும் லேப்டாப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டிவிடுவதால் உங்களுக்கு எல்லாம் அழகாகத் தெரிகிறது. கூகுளும் ஓட்டும், 2019 மே மாதத்திலிருந்து கூகுளின் சிலந்தி, அதாவது தளங்களைப் படிக்க வரும் அதன் நிரல், புதிய குரோம் உலாவியையே உள்ளே வைத்திருக்கிறது. ஆனால் முதலில் எச்டிஎம்எல்லை எடுத்துக்கொண்டு, அப்புறம் வரிசையில் போட்டு, முறை வரும்போதுதான் ஓட்டிப் பார்க்கும். அந்த ஓட்டத்தில் முக்கியமான ஒரு கோப்பு தடைபட்டால் காலிப் பெட்டிதான் மிஞ்சலாம். சாட்ஜிபிடி, கிளாட் போன்றவற்றுக்காகத் தளங்களைப் படிக்க வரும் சிலந்திகள் பொதுவாக ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவதே இல்லை. வாட்ஸப்பில் லிங்க் அனுப்பும்போது வரும் சின்ன முன்னோட்டமும் அப்படித்தான், எந்தப் பக்கத்தின் லிங்கை அனுப்பினாலும் ஒரே தலைப்பு வருகிறதென்றால் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், கம்ப்யூட்டரில் உங்கள் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல் சாவியோடு யூ எழுத்தை அழுத்துங்கள். வருகிற கோடில், அதாவது பக்கத்தின் நிரலில், 'தாய்மாமன் சீர்' மாதிரி உங்கள் பக்கத்தில் இருக்கிற ஒரு சொல்லைத் தேடுங்கள். பக்கத்தில் பெரிதாகத் தெரிகிற சொல் கோடில் இல்லை என்றால் கவர் காலி. இன்னும் உறுதியாகத் தெரிய, சர்ச் கன்சோலிலேயே 'டெஸ்ட் லைவ் யூஆர்எல்' கொடுத்து, 'வியூ டெஸ்டட் பேஜ்' பாருங்கள், கூகுள் ஓட்டிப் பார்த்தபின் அதன் கைக்கு என்ன கிடைத்தது என்பதை எழுத்தாகவும் படமாகவும் காட்டும்.

தீர்வு ஒன்றும் மலையைப் பிளக்கிற வேலை இல்லை. உங்கள் தளம் பத்துப் பக்கம்கூட இருக்காது, விலை நொடிக்கு நொடி மாறப்போவதும் இல்லை. இதற்கு ஸ்டாட்டிக் எச்டிஎம்எல், அதாவது முன்கூட்டியே முழுதாக எழுதிவைத்த பக்கம், தாராளமாகப் போதும். அதே கருவியிடமே சொல்லுங்கள்: "ஒவ்வொரு பக்கத்தையும் பில்டு நேரத்திலேயே முழு எச்டிஎம்எல்லாக ப்ரீரெண்டர் செய், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பும் தனி விவரணையும் தனி கனானிக்கலும் வை, இல்லாத முகவரிக்கு 404 நிலை அனுப்பு, மெனுவில் பட்டனுக்குப் பதில் உண்மையான லிங்க் போடு, சைட்மேப்பும் ரோபாட்ஸ் கோப்பும் என் சொந்த டொமைன் பெயரில் உருவாக்கு." ப்ரீரெண்டர் என்றால் பக்கத்தை முன்கூட்டியே முழுதாக எழுதிவைப்பது, 404 என்றால் 'இந்தப் பக்கம் இல்லை' என்ற பதில், சைட்மேப் என்றால் பக்கங்களின் பட்டியல், ரோபாட்ஸ் கோப்பு என்றால் சிலந்திகள் எதைப் பார்க்கலாம் என்ற குறிப்பு. செய்துவிட்டேன் என்று அது சொன்னதும் நம்பிவிடாதீர்கள், மறுபடி கண்ட்ரோல் யூ. அந்தக் கருவியால் முடியவில்லை என்றால் கோடை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், இதற்கு ஒரு டெவலப்பருக்கு ஒருமுறை கூலி கொடுப்பது நியாயமான செலவு.

அந்தப் பட்டியலில் கனானிக்கல் என்று ஒன்று சொன்னேனே, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால் எது அசல் என்று கூகுளுக்குச் சொல்கிற வரி அது. திருமங்கலம் பக்கம் ஒரு மஹாலுக்கு ஏஐ கட்டிய தளம் என்னிடம் வந்தது. அறை வாடகைப் பக்கம், சமையல்கூடப் பக்கம், பார்க்கிங், தொடர்பு என்று எல்லாம் இருந்தது, ஆனால் கூகுளில் முகப்பு மட்டும்தான். கோடைப் பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் கனானிக்கல் முகப்பையே காட்டியது. அதாவது ஒவ்வொரு பக்கமும் 'நான் நகல், அசல் முகப்பில் இருக்கிறது' என்று தானே வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றி, சைட்மேப்பை மறுபடி கொடுத்தோம், மற்றப் பக்கங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. உங்களுக்கு இன்னொரு வகையிலும் இது மாட்டலாம்: கருவி இலவசமாகக் கொடுத்த துணை டொமைனிலும் உங்கள் சொந்த டொமைனிலும் ஒரே தளம் திறக்கிறது, கனானிக்கல் பழைய முகவரியையே காட்டுகிறது என்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டொமைன்தான் நகலாகிவிடும். பழையதைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். முகவரியில் நடுவே ஹேஷ் குறி வருகிறதா என்றும் பாருங்கள். ஹேஷுக்குப் பின்னால் இருப்பதைக் கூகுள் தனிப் பக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

மேலே தமிழ், ஆங்கிலம் என்று மாற்றுகிற பட்டன் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அழுத்தினால் முகவரி மாறுகிறதா? மாறவில்லை என்றால் உங்கள் தமிழ் உள்ளடக்கம் முழுவதும் கூகுளுக்கு இல்லாத மாதிரிதான். கூகுள் சிலந்தி பட்டன் அழுத்தாது, 'எனக்குத் தமிழில் காட்டு' என்று உலாவி கேட்பதுபோல் மொழி விருப்பமும் அனுப்பாது. முதலில் எது திறக்கிறதோ அதைத்தான் எடுக்கும். தமிழுக்குத் தனி முகவரி, ஆங்கிலத்துக்குத் தனி முகவரி, இது அதன் மறுமொழிப் பக்கம் என்று இரண்டையும் கோடில் இணைக்கும் எச்ரெஃப்லாங் வரி, இவ்வளவு வேண்டும். உங்கள் தொழிலுக்குத் தமிழ்ப் பக்கமே முதல் பக்கமாக இருக்கலாம் என்பது என் கருத்து. அப்புறம் விலைப்பட்டியலை டிசைனரிடம் கொடுத்துப் படமாகப் போட்டிருந்தால், அதை எழுத்தாகவும் பக்கத்தில் தட்டிவிடுங்கள், படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்க முடியாது. அச்சகத்தில் வாங்கிய மேட்டர் பாமினி எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும், பாமினியில் இருப்பது தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்.

சரி, கூகுள் படிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 'கிரால்ட்' என்று வந்தும் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் யாருக்கும் காட்டவில்லை. இதுதான் இரண்டாவது கேள்வி, இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஏஐ எழுதிக்கொடுத்த முகப்பு வாசகத்தை நீங்கள் ஒட்டியிருந்தீர்கள்: "உங்கள் சிறப்பு தருணங்களை மறக்கமுடியாததாக மாற்றும் தனித்துவமான பரிசு அலங்கார தீர்வுகள்." இதை எடுத்துக் கோயம்புத்தூரில் கேக் கடைக்கு வைத்தாலும் பொருந்தும். உசிலம்பட்டியிலிருந்து போனில் தேடுகிற ஒரு தாய்மாமனுக்கு இதில் ஒன்றுமே இல்லை. அவர் தேடுவது 'தாய்மாமன் சீர் தட்டு மதுரை', அல்லது அதையே ஆங்கில எழுத்தில். 'காதுகுத்து சீர் தட்டு வாடகை', 'வளைகாப்பு வளையல் தட்டு', '21 தட்டு எவ்வளவு', இப்படித்தான் கேட்கிறார்கள். நீங்கள் தினமும் போனில் எடுக்கும் கேள்விகள்தான் உங்கள் தளத்தின் தலைப்புகள், அவற்றை ஏஐயால் ஊகிக்க முடியாது, ஏனென்றால் அந்த போன் உங்களுக்குத்தான் வருகிறது.

தாய்மாமன் சீருக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். 51 தட்டு என்றால் அதில் பழம் எத்தனை, இனிப்பு எத்தனை, பட்டு, வளையல், மாலைத் தட்டு எத்தனை. பொருள் உங்களுடையதா, அவர்கள் வாங்கிக் கொடுத்தால் அலங்காரம் மட்டும் செய்வீர்களா. தட்டு வாடகையா விலைக்கா, திருப்பித் தர எத்தனை நாள், அட்வான்ஸ் எவ்வளவு. மேலூர், சோழவந்தான் என்றால் வண்டி வாடகை யார் பக்கம். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை ஏறினால் பேசிய தொகை மாறுமா மாறாதா. எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். இதை நீங்கள் பேசுகிற மாதிரியே போனில் ரெக்கார்டு செய்து, ஏஐயிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்த்து ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். ஏஐக்கு நான் எதிரி இல்லை, இந்த மாதிரி வேலைக்கு அது மிக நல்ல துணை. விஷயம் உங்களிடமிருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

படங்களும் அதே கதை. நீங்கள் கட்டிய தட்டின் படம், மஹால் வெளிச்சத்தில் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், ஏஐ வரைந்த பளபளப்பான தட்டைவிட மேல். ஏஐ படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர் விழா நாளில் அதே மாதிரி கேட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்? ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் எழுத்து என்று ஒரு விவரணை கொடுக்கலாம், படத்தில் என்ன இருக்கிறதோ அதை அதில் எழுதுங்கள்: '21 தட்டு காதணி விழா சீர், பழமும் வளையலும்'. படங்களைச் சுருக்கி வெப்பி வடிவில் போடுங்கள். போனில் முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு, போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் அது நடக்காது. வேகத்தைப் பற்றி இதற்கு மேல் நீங்கள் கவலைப்படத் தேவையில்லை.

முதலில் சொன்ன அந்த இடிக்கும் இடம் இதுதான். வில்லாபுரம், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், மேலூர் என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஏஐயை வைத்து நாற்பது பக்கம் போடலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். இதற்குக் கூகுளின் ஸ்பாம் விதிகளில் டோர்வே என்று தனியாகவே பெயர் இருக்கிறது. திருமங்கலத்தில் நீங்கள் செய்த விழாவின் படமும் விவரமும் இருந்தால் அதைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள், இல்லாத ஊருக்கு வேண்டாம். அதேபோல், தளத்தில் "பிரியா, சென்னை, ஐந்து நட்சத்திரம்" மாதிரி கருவியே இட்டுக்கட்டிய விமர்சனங்கள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கோடுக்குள், கடையைப் பற்றித் தேடுபொறிக்குச் சொல்கிற ஸ்கீமா என்ற பகுதியிலும் 4.9 என்று ஒரு மதிப்பீட்டைப் போட்டிருக்கக்கூடும். பக்கத்தில் இல்லாத, உண்மையில்லாத தகவலை ஸ்கீமாவில் வைப்பது விதிமீறல். போதாததற்கு, ஒரு கடை தன் தளத்தில் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பீட்டுக்கு 2019 செப்டம்பரிலிருந்து கூகுள் நட்சத்திரம் காட்டுவதும் இல்லை. ஸ்கீமாவில் கடை பெயர், போன், நேரம், சேவை செய்யும் பகுதி, இவை சரியாக இருந்தால் போதும்.

இவ்வளவு பேசியும் இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை. உங்கள் மாதிரி உள்ளூர்த் தொழிலுக்குத் தளத்தைவிட முதலில் வேலை செய்வது கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது மேப்பில் வருகிற அந்தப் பதிவு. அங்கே வரிசையைத் தீர்மானிப்பது தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், எவ்வளவு அறியப்பட்டவர் என்ற மூன்றும் என்று கூகுளே சொல்கிறது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது, மற்ற இரண்டும் உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. வீட்டிலிருந்து செய்கிறீர்கள் என்றால் முகவரியை மறைத்து, சேவை செய்யும் ஊர்களை மட்டும் குறிப்பிடலாம். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்பார்கள், தட்டுகளும் வேலை செய்யும் இடமும் தெரிய எடுத்து அனுப்புங்கள். பெயர் இருக்கும் இடத்தில் கடை பெயரை மட்டும் போடுங்கள், 'மதுரை பெஸ்ட் சீர்வரிசை' என்று சேர்த்தால் பதிவே முடக்கப்படலாம். விழா முடிந்து தட்டைத் திருப்பி வாங்கும்போது விமர்சனம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தள்ளுபடியோ பரிசோ தராதீர்கள், அது விதிக்கு எதிரானது.

எதெல்லாம் நிச்சயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரிசெய்த பிறகு எத்தனை நாளில் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, சில நாளிலும் வரும், சில வாரமும் ஆகும். 'தாய்மாமன் சீர்' மாதிரி குறிப்பான தேடலில் இடம் கிடைப்பது சுலபம், 'வெட்டிங் டெக்கரேஷன் மதுரை' என்பதில் பெரிய தளங்கள் உட்கார்ந்திருக்கின்றன, அங்கே நீங்கள் வருவீர்களா என்று என்னால் சொல்ல முடியாது. தேடலுக்கு மேலே கூகுள் இப்போது தருகிற ஏஐ பதிலில் இடம்பெறத் தனி உத்தி என்று விற்கிறார்கள். அதற்கென்று சிறப்புக் குறியீடு எதுவும் தேவையில்லை என்பதுதான் கூகுளின் நிலைப்பாடு. எல்எல்எம்ஸ் டெக்ஸ்ட் என்று ஒரு கோப்பு வைக்கச் சொல்வார்கள். ஏஐ கருவிகளுக்குத் தளத்தை விளக்குவதற்காக 2024-ல் வந்த யோசனை அது, வைத்தால் கெடுதல் இல்லை, கூகுள் தேடல் அதைப் பயன்படுத்துவதில்லை. கோடுக்குள் தேடுசொற்களை அடுக்கிவைக்கும் மெட்டா கீவேர்ட்ஸை நிரப்புகிறேன் என்று யாராவது சொன்னால், அதைக் கூகுள் பார்ப்பதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது.

இனி அந்த 12,000 ரூபாய். இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். முதலிடம் உத்தரவாதம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் இப்போதைக்கு மட்டுமில்லை, எப்போதுமே வேண்டாம், அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே எச்சரிக்கிறது. வேறு நல்ல ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது, என் சர்ச் கன்சோலில் என்ன பிரச்சினை தெரிகிறது, எந்தப் பக்கத்தில் எதை மாற்றுவீர்கள் என்பது. அதற்கு நேரடியான பதில் வந்தால் ஒருமுறை வேலைக்குக் கூலி பேசுங்கள். சர்ச் கன்சோலும் மேப் பதிவும் டொமைனும் உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். ஆட்களை மாற்றும்போது இதில்தான் பல கடைக்காரர்கள் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள்.

ஆடி மாதம் உங்களுக்கு ஆர்டர் குறைவாகத்தான் இருக்கும், ஆவணி முகூர்த்தத்துக்குத் தேடுகிறவர்கள் அதற்கு முன்பே தேட ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் இந்த வேலைகளை ஆடிக்குள் முடிக்கப் பாருங்கள். இன்றைக்கு மேப் பதிவும் சர்ச் கன்சோலும், இந்த வாரம் ப்ரீரெண்டரும் கனானிக்கலும், அப்புறம் வாரம் ஒரு பக்கமாக எழுதலாம். யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் வந்த வரியையும், கண்ட்ரோல் யூவில் 'தாய்மாமன் சீர்' கிடைத்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்து எதைத் தொடுவது என்று சொல்கிறேன்.